இடது பக்கம் மட்டும் வெயில்

"ஒரு பார்ட்டுகூட மாத்தலைங்க. அப்புறம் அது என்ன ரிப்பேர்? அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த ஸ்பேனரால் மேஜையை 'டக்'கென்று தட்டினான். தூங்கும்போது மட்டும்தான் அதைக் கீழே வைப்பான் என்று கடைத்தெருவில் பேச்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து, ஊருக்கே அவன் 'ஸ்பேனர்' ஆகிப் பல காலம் ஆகிவிட்டது. சொந்தமாகக் கார் ஷெட் வைத்திருக்கிறான். ஆயில் சர்வீஸ், பிரேக், கிளட்ச் என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். ஏ.சி. மட்டும் தெரியாது. அது அவன் மனைவியின் இலாகா. ஷெட்டில் பாதி இடம் அவளுடையது. வருகிறவர்கள் அவளைக் 'கூலிங் மேடம்' என்பார்கள். அவனை ஒருவரும் 'ஸ்பேனர் சார்' என்றதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தையே அவன் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணி உட்கார்ந்திருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட கார்களைச் சுற்றி வந்து, வண்டி மரத்தில் மோதியதா மச்சானோடு போட்ட சண்டையில் மோதியதா என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். உதவிக்குப் புருஷனின் தம்பி. அந்தக் கொழுந்தன் வாய்க்கு வாய் 'அண்ணி' போட்டதில், வந்து போகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவள் அண்ணியாகிவிட்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள்.

"பல் டாக்டர் காருங்க. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக் குளிர் வச்சுக்கற வண்டி. நான் சர்வீஸ் பண்ணி அனுப்பறேன். மறுநாளே போன் வருது. 'மேடம், இடது பக்கம் மட்டும் சூடாக் காத்து வருது'ன்னு. வண்டி வருது. இவ உள்ள உக்காந்து எதையோ அழுத்தறா. அப்புறம் ட்ரையல் பாக்கணுமாம். டாக்டர் ஓட்டுவாரு, இவ பக்கத்து சீட்ல. திரும்பி வரும்போது சரியாயிடுதாம்! ஏற்கனவே ரெண்டு தடவை ஆச்சு. நேத்து சர்வீஸ் முடிச்சேன், இன்னைக்குக் காலைல டாண்ணு போன். மூணாவது தடவைங்க!"

"வேற அறிகுறி?" என்றான் கொழுந்தன், டாக்டர் மாதிரி.

"அவரு முதல்ல ஒரு தடவை ஏ.சி.க்குக் கேஸ் அடிக்க வந்தப்ப இவ ட்ரையல் போனா. அன்னைக்கு ராத்திரி சமைக்கும்போது ஒரு பாட்டை முணுமுணுத்தா. எங்க ஷெட்ல ரேடியோவே கிடையாது. அந்தாளு வண்டில இருக்கு."

"எங்க அண்ணன்கூடத்தான் பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுக்கிறாரு. அதுக்கு யாரைச் சந்தேகப்படறது அண்ணி?"

"அது பாட்டு இல்லடா, என்னைத் திட்டறாரு. நீ சும்மா இரு." அண்ணி ஸ்பேனர் பக்கம் திரும்பினாள். "டாக்டருக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆகல. சட்டைப் பையில எப்பவும் சீப்பு."

அந்தச் சீப்பை அவன் சொன்ன விதத்தில் அது கத்தியாகவே மாறிவிட்டது.

"சாயங்காலம் வண்டி வருதுங்க. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். நான் நினைக்கறது நிஜம்னா, கூலிங் பக்கத்து ஷட்டரை இன்னையோட இறக்கிடுவேன். அவ ஷெட்டுப் பக்கமே வர வேணாம், வீட்ல இருக்கட்டும்."

"நிஜம் இல்லேன்னா?"

அப்படி ஒரு வழி இருப்பதாகவே அவன் யோசித்திருக்கவில்லை. டாக்டருக்குத் தன்னாலான சின்னத் தண்டனை ஒன்றை அவ்வப்போது அவன் கொடுத்துவந்தது உண்டு. அதை அண்ணியிடம் சொல்லத் தேவையில்லை என்று பட்டது. வைத்தியம் பார்க்கப் போகிறவன் எல்லாவற்றையுமா சொல்கிறான்?

பல் ஆஸ்பத்திரி ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. வாசலில் அந்தக் கார், துடைத்த கண்ணாடியோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. எதிர்ச்சாரியில் அண்ணியின் பழைய வண்டி. பின்சீட்டில் ஸ்பேனர் குனிந்து பதுங்கியிருந்தான். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன.

"டாக்டர் கையைக் கட்டிப்போடணும். நீ போய் வாயைத் திற" என்றாள் அண்ணி கொழுந்தனிடம்.

"என் பல்லுல ஒண்ணும் இல்லையே அண்ணி."

"இவ்வளவு பேசற வாயில ஏதாவது தேஞ்சுதான் இருக்கும், போ."

கொழுந்தன் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அண்ணியும் போனாள். முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு டாக்டர் வாசலுக்கு வந்தார். ஸ்பேனர் கார்க் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிக் காதைக் கொடுத்தான்.

"ஷெட்லேர்ந்து வரேன் டாக்டர். ஏ.சி. கம்ப்ளெய்ன்ட் பாக்கணும், சாவி வேணும்."

"ஷெட்லேர்ந்தா? கூலிங் மேடம் வரலையா?"

அந்த 'வரலையா'வில் இருந்த ஏமாற்றத்தைத் தராசில் வைத்தால் தட்டு தரையில் இடித்திருக்கும். டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறந்தபடி காத்திருந்த கொழுந்தனிடம் திரும்பினார். அண்ணி கையசைத்தாள். ஸ்பேனர் தெருவைக் கடந்து ஓடினான்.

"இடது பக்கம் ஏறுங்க."

ஏறினான். அவள் உட்காருகிற சீட். அவள் உயரத்துக்குத் தோதாக முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. போன ட்ரையல் முடிந்து ஒரு மாதம் ஆகியும் அதைப் பின்னால் தள்ள அந்த மனிதருக்கு மனம் வரவில்லை பார், என்று நினைத்தபடி ஸ்பேனர் முழங்காலை மடக்கிக்கொண்டான். காலடியில் என்னவோ மின்னியது. எடுத்தான். ஹேர்பின்!

"இது அவளுது! பாத்தீங்களா? தலைலேர்ந்து பின்னு கழண்டு விழற அளவுக்கு..."

அண்ணி வாங்கிப் பார்த்தாள். "தலையிலேர்ந்து விழுந்த பின்னு இப்படியா இருக்கும்? நேரா நீட்டி, நுனியை மட்டும் கொக்கி மாதிரி வளைச்சிருக்கு. டேஷ்போர்டுப் பெட்டியைக் கழட்ட உள்பக்கம் ஒரு கிளிப் இருக்கும், அங்க விரல் போகாது. இது ஹேர்பின் இல்லீங்க, டூல். உங்க கையில ஸ்பேனர் எப்படியோ, அவங்களுக்கு இது."

ஸ்பேனருக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. துக்கத்தைப் பாதியில் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

அண்ணி என்ஜினை ஓட்டவிட்டு ஏ.சி.யைப் போட்டாள். கைப்பையிலிருந்து மெல்லிசான சாக்லேட் இரண்டை எடுத்து, வலதுபக்கக் காற்று வரும் இடத்தில் ஒன்று, இடதுபக்கம் ஒன்று என்று சாய்த்து வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு சாக்லேட்டும் சமர்த்தாக நின்றன. அப்புறம் இடதுபக்கத்துச் சாக்லேட் மெதுவாகத் தலையைக் குனிந்தது, இடுப்பை வளைத்தது, கடைசியில் டேஷ்போர்டிலேயே வழுக்கி ஸ்பேனர் மடியில் விழுந்தது. வலதுபக்கத்தது விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

"பழுது நிஜம்" என்றாள் அண்ணி. "டாக்டர் கதை கட்டல."

அவள் இப்போது வண்டியின் முகத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மணி பதினொன்று. காரின் கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்பது. ரேடியோவை அமுக்கினாள். இரைச்சல். ஒவ்வொரு பட்டனாக அமுக்கினாள். எல்லாம் இரைச்சல்.

"ஒரு ஸ்டேஷன்கூட இல்லையே. பாட்டுக் கேக்கறவர்னு சொன்னீங்க?"

ஸ்பேனர் மடியிலிருந்த சாக்லேட்டைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

கடைசியாக அண்ணி பானெட்டைத் திறந்து, பேட்டரிமேல் குனிந்து, நட்டு ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தாள். மூடினாள். "முடிஞ்சுது. யாரோட கைன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாருங்க?"

"ஷெட்ல வச்சுச் சொல்றேன். எல்லாரும் இருக்கணும்."

ஸ்பேனர் நெஞ்சு நிமிர்ந்தது. 'கை' என்றால் ஆள் இருக்கிறது. ஆள் இருந்தால் வேறு யார் இருக்க முடியும்? ஷட்டரை இறக்குகிற சத்தம் இப்போதே அவன் காதில் இனித்தது.

அண்ணி ஆஸ்பத்திரிக்குள் தலையை நீட்டினாள். "டாக்டர், இதை மேடமே பாத்தாகணும். சாயங்காலம் ஷெட்டுக்குக் கொண்டுவந்துடுங்க."

"எதுக்குச் சாயங்காலம்? இப்பவே வரேனே!" கையுறை கழலும் சத்தம் கேட்டது. அடுத்து சீப்பு வெளியே வந்தது.

அவருக்குப் பின்னால், கழுத்தில் துணி கட்டியபடி, வாய் நிறையப் பஞ்சோடு கொழுந்தன் வந்தான். அண்ணியின் வண்டியில் ஏறிப் பஞ்சைத் துப்பினான்.

"பாதிப் பல்லுல விட்டுட்டு ஓடறாரு அண்ணி! வரிசைல மூணு பேர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு ஏ.சி.க்கு இவ்வளவு அவசரமா?"

அண்ணி கண்ணாடி வழியே அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெட்டில் ஒரு வேனுக்குள் அவன் மனைவி பாதி உடம்பை நுழைத்திருந்தாள். கழுத்தில் கேஸ் அளக்கும் குழாய்கள், நெற்றியில் கிரீஸ். வரிசையாக வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து வெளியே வந்தாள். டாக்டருக்குத் தலையசைத்தாள். "என்னங்க இது? இவங்க யாரு?"

ஸ்பேனர் வேன் டயரைப் பரிசோதிக்கத் தொடங்கினான்.

"உங்க வீட்டுக்காரர் வச்ச துப்பறியற ஆள்" என்றாள் அண்ணி. "உங்களையும் டாக்டரையும் பத்தி விசாரிக்க."

மனைவி அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். அவள் வெறுமனே பார்த்தாள்.

"ரெண்டே விஷயம்" என்றாள் அண்ணி. "பழுது நிஜம். ஆனா அது தானா வரல. ஒவ்வொரு சர்வீஸ் அன்னைக்கும் ஒருத்தர் கூப்பிட்டு வந்திருக்கு. டாக்டர், உங்க டேஷ்போர்டுக்குப் பின்னால சின்னச் சின்னக் கதவுங்க இருக்கு. சூடா, குளிரான்னு அதுதான் காத்தைப் பிரிச்சு விடும். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குட்டி மோட்டார். எதுவரைக்கும் போகணும், எங்க நிக்கணும்னு அதுக்கு ஞாபகம் இருக்கணும். பேட்டரி வயரைக் கழட்டினா இந்த வண்டில அந்த ஞாபகம் போயிடுது. இடதுபக்கக் கதவு சூட்டுப் பக்கமே நின்னுடுது. மேடம் அதுக்கு மறுபடி கத்துக்குடுக்கறாங்க. அதுக்கு எதுக்குப் பார்ட்?"

"பேட்டரியை யாருங்க கழட்டினா?" என்றார் டாக்டர்.

"கரண்டு போய் வந்தா கார்க் கடிகாரம் பன்னெண்டுலேர்ந்து ஆரம்பிக்கும். உங்களது ரெண்டு மணி நேரம் பின்னால ஓடுது. அப்ப, வயர் கழண்டது நேத்து மத்தியானம் ரெண்டு மணி. மேடம், அப்ப எங்க இருந்தீங்க?"

"கேஸ் வாங்கப் போயிருந்தேன்."

"ஷெட்ல யாரு இருந்தாங்க?"

எல்லாருடைய பார்வையும் ஒரே ஸ்பேனரில் போய் முட்டி நின்றது.

அவனுக்குக் காது மடல் கொதித்தது. திருடனைப் பிடிக்கத் தானே ஆள் வைத்து, வண்டியில் ஏற்றி, வழியும் காட்டி, தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான்.

"ஆமா" என்றான் கடைசியில். "நான்தான். ரேடியோவை அழிக்கணும்னு கழட்டினேன். ஸ்டேஷன் எல்லாம் போகட்டும்னு. அதுல எந்தப் பட்டன் எதுக்குன்னு எனக்குத் தெரியாது, வயரைக் கழட்டினா எல்லாம் போயிடும்னு மட்டும் தெரியும். ஏ.சி.யும் சேர்ந்து போகும்னு சத்தியமாத் தெரியாது."

"ரேடியோவையா? எதுக்கு?" டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இவ உங்க பாட்டை முணுமுணுத்தா!"

கொழுந்தன் கழுத்துத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"எனக்கு முதல் தடவையே தெரியும்" என்றாள் அவன் மனைவி, கையைத் துடைத்தபடி. "மணி தப்பா ஓடுச்சு, ரேடியோ செத்துக் கிடந்துச்சு. பேட்டரி நட்டைத் தொட்டுப் பாத்தேன். அந்த இறுக்கு இறுக்க இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? டாக்டர்கிட்ட, 'பழைய வண்டி, செட்டிங் அப்பப்ப மறந்துடும்'னு சொன்னேன். வெளில போர்டுல இருக்கறது உங்க பேருங்க. அது கெட்டுப்போக வேணாம்னு. என்னைக்காவது வந்து, 'என்னடி பண்றே அந்த வண்டில?'ன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கறதுக்கு ஆள் வச்சிருக்கீங்க."

டாக்டர் முன்னால் வந்து ஸ்பேனரின் தோளில் கை வைத்தார். "விடுங்க. மனுஷன்னா பொறாமை இருக்கத்தான் செய்யும். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

அந்தப் பெருந்தன்மை ஸ்பேனருக்கு மிளகாய்ப் பொடியாக எரிந்தது. ஆனாலும் தலையைக் குனிந்து, மனைவி பக்கம் திரும்பி, தன் வாழ்நாளில் கேட்டிராத ஒன்றைக் கேட்டான்.

"எந்தப் பட்டனை அழுத்தணும்? இதை நான் கெடுத்தேன். நானே சரி பண்றேன்."

அவள் கண்ணில் என்னவோ இளகியது. வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டர் உற்சாகமாகக் கார்க் கதவைத் திறந்து உள்ளே குனிந்துவிட்டார்.

"ரொம்ப சுலபம். இதையும் இதையும் சேர்த்து அப்படியே பிடிச்சுக்கணும். விளக்கு மினுக்கும். உள்ள கதவு ஓடற சத்தம் கேக்கும். இப்ப கேக்குது பாருங்க... அது அடங்கினதும் விட்டுடலாம். அவ்வளவுதான்!"

டேஷ்போர்டுக்குள் 'கிர்ர்' என்று ஓடி அடங்கியது. அண்ணி உள்ளே கையை நீட்டி இடதுபக்கக் காற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுன்னு வருது" என்றாள். "டாக்டர், இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் தடவையே. மேடம் பண்ணும்போது பக்கத்துலதானே..." டாக்டர் பாதியில் நின்றார்.

"ரெண்டாவது தடவை ஏன் வந்தீங்க? இன்னைக்கு மூணு நோயாளியை விட்டுட்டு ஏன் வந்தீங்க?"

ஊரையே 'ஆ' காட்டச் சொல்கிறவருக்கு இப்போது வாய் திறக்கவில்லை. முகம் சிவந்து, அந்தச் சிவப்பு காதுக்கும் பரவியது.

"கேஸ் முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே அண்ணி" என்று கிசுகிசுத்தான் கொழுந்தன்.

"பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. உன் பல்லு மாதிரி."

அவன் மனைவி கார்ச் சாவியை எடுத்தாள். டாக்டரின் கையில் வைக்கவில்லை, பானெட்மேல் வைத்தாள். "வண்டி சரியாயிடுச்சு டாக்டர். உங்களுக்கே வேலை தெரியுது. இனிமே இங்க வரவேண்டிய அவசியம் இல்ல. போயிட்டு வாங்கன்னு சொல்லமாட்டேன், போங்க."

கார் போன வேகத்தில் வாசலில் புழுதி எழுந்தது. புழுதிக்குள் ஸ்பேனர் மலர்ந்து நின்றான். "நான் சொன்னேன்ல! நான் நினைச்சது தப்பில்ல! சீப்பைப் பாத்தப்பவே..."

"முதல்ல அந்தச் சிரிப்பைத் துடைங்க" என்றாள் அவள். "அவர் மனசுல என்ன இருந்துச்சோ, அது அவர் வீட்டோட கிடந்திருக்கும். சர்வீஸுக்கு வந்தோமா, போனோமான்னு இருந்திருப்பாரு. ஒவ்வொரு தடவையும் வயரைக் கழட்டி, இடது பக்கத்தைச் சூடாக்கி, அவரைத் திரும்ப இந்த வாசலுக்கு அனுப்பி வச்சது யாரு? அவருக்கு நீங்க பண்ணின உதவியை ஒரு தரகன்கூடப் பண்ணியிருக்க மாட்டான்."

ஸ்பேனர் சிரிப்போடு சேர்த்து முகத்துப் புழுதியையும் துடைத்துக்கொண்டான்.

"ஷட்டரை இறக்கப் போறதா இருந்தீங்களாமே?" என்றாள் அவள், அண்ணியின் பார்வை கூலிங் பக்கத்து ஷட்டருக்குப் போய் வந்ததைப் பார்த்துவிட்டு. ஊகம்தான், ஆனால் குறி தப்பவில்லை.

"இல்ல... அது வந்து..."

"இறக்குங்க. ஆனா எந்தப் பக்கத்து ஷட்டர்னு நல்லா யோசிச்சு இறக்குங்க. போன மாசம் உங்க பக்கம் எத்தனை வண்டி வந்துச்சு, என் பக்கம் எத்தனை வந்துச்சுன்னு தெருவுக்கே தெரியும்."

அண்ணி கொழுந்தனின் கையைப் பிடித்து இழுத்தாள். இனி அங்கே துப்பறிய ஒன்றும் இல்லை, இருந்தால் அது மூன்றாம் மனிதர் பார்க்கக்கூடியதும் இல்லை. இருவரும் வாசலைத் தாண்டினார்கள்.

மனைவி வேனுக்குள் மறுபடி தலையை நுழைத்தாள். ஸ்பேனர் தன் பக்கம் போக அடி எடுத்தான், போகவில்லை. வேனுக்கு அருகில் வந்து தொண்டையைச் செருமினான்.

"இந்த வண்டிக்கு என்ன?"

உள்ளிருந்து, திரும்பாமலே, டார்ச்சோடு ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"டார்ச்சைப் பிடிங்க. கீழ இல்ல, மேல."

இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தான்.